ஸ்டேஷன் ரோட்டில் பொங்கிய பால்

காதைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். "இதை நீ சொல்லவே இல்லையே" என்று அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன்.

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு புறநகர். நடுவில் தண்டவாளம். இந்தப் பக்கம் ஸ்டேஷன் ரோடு: பால் பூத், மருந்துக்கடை, டீக்கடை, ஓயாத சத்தம். ரயில்வே கேட்டைத் தாண்டினால் ஏரிப் பக்கம்: தனி வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஆள் நடமாட்டம் இல்லாத தெருக்கள். சின்ன வயசுக்காரர்கள் ஸ்டேஷன் பக்கம், வயசானவர்கள் ஏரிப் பக்கம் என்பது அங்கே எழுதாத சட்டம். யார் போட்டது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

ஸ்டேஷன் ரோட்டில் தயாபரன், சுந்தராம்பாள் தம்பதிக்கு ஒரு மாடி வீடு. கீழ்ப் போர்ஷன் காலியாக இருந்தது. அந்த வாரம் பார்த்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவருக்கு பிரஷர் என்று அம்மாள் மிக்ஸர் டப்பாவை ஒளித்து வைத்துவிட்டாள். மனுஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆகவே அவர் ஒரு ஜோடிக்கு வாக்குக் கொடுத்தது அவளுக்குத் தெரியாது. அவள் இன்னொரு ஜோடிக்குச் சாவி கொடுத்தது அவருக்குத் தெரியாது.

வாக்கு வாங்கியவர்கள் முகிலனும் ஹேமலதாவும், புதுசாகக் கல்யாணமானவர்கள். அவன் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவன். நாள் முழுக்க மீட்டிங். அவள் டீச்சர். "சின்னஞ்சிறுசுங்க, உங்களுக்கு ஸ்டேஷன் பக்கம்தான் சரி" என்று தயாபரன் தாமாகவே தீர்மானம் செய்து வீட்டைக் கொடுத்தார். அவர்களும் அதை நம்பிப் பழைய வீட்டைக் காலி செய்துவிட்டார்கள்.

சாவி வாங்கியவர்கள் கோதண்டபாணியும் வேதவல்லியும், ஏரிப் பக்கம் சொந்த வீடு உள்ளவர்கள். "அமைதியா இருங்கப்பா" என்று மகள் ஆசையாகக் கட்டிக்கொடுத்த வீடு. அந்த அமைதிதான் வேதவல்லிக்கு ஆகவில்லை. ஒரு பால் பாக்கெட்டுக்குக்கூடக் கேட்டைத் தாண்டி வரவேண்டும். கோதண்டபாணியோ தினமும் சாயங்காலம் ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்டேஷன் டீக்கடைக்கு வந்து, போகிற வருகிற முகங்களைப் பார்த்துவிட்டுப் போவார்.

"எனக்கு நாலு மனுஷங்க சத்தம் வேணும் சுந்தரா. இப்படியே இருந்தா பேசறதே மறந்துடும்" என்று வேதவல்லி கண்கலங்கினாள். சுந்தராம்பாள் அந்த நிமிஷமே சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஏரி வீட்டைப் பூட்டிவிட்டு வருவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை காலை. ஏழரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் பால் காய்ச்சியாக வேண்டும். வாசலில் ஒன்றல்ல, இரண்டு குட்டியானை வண்டிகள் வந்து நின்றன. இரண்டிலும் கட்டில், பீரோ, பாத்திர மூட்டை.

"நாங்கதான் குடிவர்றோம்" என்றான் முகிலன்.

"சாவி எங்கிட்டல்ல இருக்கு?" என்றார் கோதண்டபாணி.

மாடிப்படியில் நின்ற வீட்டுக்காரர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், பேசாமல் இருந்த வாரத்துக்கெல்லாம் சேர்த்து வைத்து முழித்தார்கள்.

"நேரம் போயிடும், முதல்ல பாலைக் காய்ச்சுவோம்" என்று வேதவல்லி கதவைத் திறந்து, சாமி படத்தை வைத்து விளக்கேற்றினாள். தன் புது அடுப்பில் தன் புதுப் பாத்திரத்தை வைத்து, முந்தின நாளே வாங்கிவைத்த பாலை ஊற்றினாள். சூடு ஏறியதும் பால் திரிந்துவிட்டது. ராத்திரி ஏரிப் பக்கம் கரண்ட் இல்லை, ஃபிரிட்ஜ் ஓடவில்லை. வேதவல்லியின் முகம் வாடிப்போயிற்று. புது வீட்டில் பால் திரிந்தால் யார் மனசுதான் தாங்கும்?

ஹேமா பாத்திரத்தைக் கழுவி வந்து, பக்கத்து பூத்தில் அப்போதுதான் வாங்கிய தன் பாலை ஊற்றினாள். "சீக்கிரம் பொங்கட்டும் ஆன்ட்டி. கேட் போட்டா மாட்டிக்குவேன், எங்க ஹெச்.எம். வாசல்லயே நிப்பாங்க." அந்த நேரம் பார்த்து ரயில் ஒன்று ஜன்னல்களை ஆட்டிக்கொண்டு போயிற்று. போனில் இருந்த முகிலன் காதைப் பொத்திக்கொண்டு, "சாரி சார், திரும்பச் சொல்லுங்க" என்று கத்தினான். பால் பொங்கி நான்கு பக்கமும் வழிந்தது. எல்லோரும் குழப்பத்தை மறந்து சிரித்தார்கள். அப்புறம்தான் வண்டிகளின் ஞாபகம் வந்தது.

இப்போது சொல்லுங்கள். வாக்கு இளசுகளுடையது, சாவி பெரியவர்களுடையது. அடுப்பும் பாத்திரமும் பெரியவர்களுடையவை, பொங்கிய பால் இளசுகளுடையது. அந்த வீடு யாருக்குச் சேரவேண்டும்? வாக்குக் கொடுத்தவர், சாவி கொடுத்தவள், இதில் யார் செய்தது சரி?

விடை: வாக்கையும் சாவியையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஹேமா எந்தப் பக்கம் போக அவசரப்பட்டாள்? கேட்டுக்கு அந்தப் பக்கம். அவள் பள்ளிக்கூடம் ஏரிப் பக்கம். முகிலனுக்கு வேண்டியது ரயில் இல்லாத அறை. வேதவல்லிக்கு வேண்டியது சத்தமும், வாசலிலேயே ஒரு பால் பூத்தும். ஆக, ஸ்டேஷன் வீடு பெரியவர்களுக்கு. இதை முதலில் கண்டுகொண்டவள் ஹேமாதான். "ஆன்ட்டி, உங்க ஏரி வீடு இனிமே சும்மாதானே கிடக்கும்? எங்களுக்குத் தர்றீங்களா?" வேதவல்லி இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து ஏரி வீட்டுச் சாவியை அவள் கையில் வைத்தாள். இளசுகளின் குட்டியானை மட்டும் ஏரிப் பக்கம் திரும்பியது. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் தயாபரன். "நீங்க கேட்டீங்களா?" என்றாள் சுந்தராம்பாள். இருவர் செய்ததும் சரியில்லை. ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. வயசைப் பார்த்தார் ஒருவர், கண்ணீரைப் பார்த்தாள் ஒருத்தி, குடிவருகிற நாலு பேரில் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று யாருமே கேட்கவில்லை. தங்களுக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்டவள் ஹேமா ஒருத்திதான். அவள் செய்ததுதான் சரி. பொங்கிய பாலில் எல்லோருக்கும் காபி வந்தது. கூடவே மிக்ஸர் டப்பாவும் வந்தது, தயாபரனுக்கு ஒரே ஒரு பிடி.