பாகற்காய் ராஜா

பொம்மன் என்ற கரடியும் வாலாயி என்ற மந்தியும் குளக்கரையில் தினமும் சதுரங்கம் ஆடின. ஈரமண்ணில் கோடு கிழித்தால் கட்டம் தயார். சிப்பாய்க்கு இலந்தைப்பழம், குதிரைக்கு நாவல்பழம், மந்திரிக்கு நெல்லிக்காய், யானைக்கு விளாம்பழம், ராணிக்குச் சீத்தாப்பழம். ராஜா மட்டும் பாகற்காய். அடையாளத்துக்காகப் பொம்மனின் காய்களுக்கு அடியில் ஓர் இலை இருக்கும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டிய காயை வெட்டியவரே தின்றுவிடலாம். பொம்மன் ஆட வந்ததே இதைக் கேள்விப்பட்டுத்தான் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆனால் பாகற்காய் இருந்த பக்கம் அது திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

வாலாயி நன்றாகப் பழுத்த இலந்தை ஒன்றை முன்னால் தள்ளும். பொம்மன் லபக்கென்று வெட்டி வாயில் போடும். அது மென்று முடிப்பதற்குள், "ராஜா போச்சு, பொம்மண்ணே" என்று வாலாயி சொல்லிவிடும்.

"நேத்தைவிட இன்னைக்கு நிறைய வெட்டினேன். ஆட்டம் தேறிட்டு வருது" என்று பொம்மன் வீட்டில் பெருமையடித்தது.

"தேறினது ஆட்டமில்ல, உங்க தொப்பை" என்றது அதன் மனைவி. "கோடை வரப்போகுது. இந்தத் தடவையும் தோத்துட்டு வந்து நிக்காதீங்க."

மனைவி கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. குளக்கரை மருதமரத்து நிழல் யாருக்கு என்பதைக் கோடைத் தொடக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம்தான் முடிவு செய்யும். போன கோடையில் பொம்மன் தோற்றது. குட்டிகள் இரண்டும் சுடுபாறையில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தன. அதை நினைத்தால் பொம்மனுக்கும் நெஞ்சு வலித்தது. ஆனால் இலந்தையைப் பார்த்தால் மறந்துவிடும்.

போட்டி நெருங்கிய சமயத்தில் பொம்மன் தேன் திருடப் போய் வாயில் கொட்டு வாங்கி வந்தது. உதடு சுரைக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அப்படியே ஆட உட்கார்ந்தது.

வாலாயி வழக்கம்போல இலந்தையைத் தள்ளியது. பொம்மனால் வாயைத் திறக்க முடியவில்லை. வேறு வேலை இல்லாததால் கட்டத்தைப் பார்த்தது. 'இவ எதுக்கு இதை இங்க கொண்டுவந்து வைக்கிறா?' என்று முதல் தடவையாக ஒரு கேள்வி வந்தது. இலந்தையைத் தன் குதிரை வெட்டினால் தன் ராஜாவுக்கு நேராக வழி திறந்துவிடும். 'அடிப்பாவி' என்று சொல்ல நினைத்தது. 'ம்ம்' என்றுதான் சத்தம் வந்தது.

அன்றும் பொம்மன் தோற்றது. ஆனால் ஜெயிப்பதற்குள் வாலாயிக்குப் பொழுது சாய்ந்துவிட்டது.

போட்டி நாளும் வந்தது. காடே கூடி நின்றது. பொம்மனுக்கு வீக்கம் வடிந்திருந்தது. பட்டினி கிடந்த வயிறு வேறு கூப்பாடு போட்டது. அது தன் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு முறையும் யோசித்த பிறகுதான் ஒரு கையை வெளியே எடுத்தது.

ஆட்டம் பாதியைத் தாண்டியதும் வாலாயி தன் ராணியைப் பொம்மனின் யானைக்கு எதிரே கொண்டுவந்து வைத்தது. வெடித்துப் பழுத்த சீத்தாப்பழம்! வாசனை மூக்கைத் துளைத்தது.

"எடுத்துக்கோங்கண்ணே, வெயில்ல கெட்டுப்போயிரும்" என்றது வாலாயி.

பொம்மனின் எச்சில் கட்டத்தில் சொட்டியது. கை அடியிலேயே இருந்தது. யானை நகர்ந்தால் தன் ராஜா மாட்டிக்கொள்ளும் என்று தெரிந்தது. பிறகு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, எதிரே இருந்த பாகற்காயைப் பார்த்தது. ராணி இல்லாமல் அது தனியாக நின்றது. பொம்மன் மெதுவாகக் கையை எடுத்துத் தன் குதிரையைத் தாவவிட்டது.

"ராஜா போச்சு, வாலாயி."

குட்டிகள் மருதமரத்தடிக்கு ஓடின. ஜெயித்தவர் ராஜாவைத் தின்றாக வேண்டும் என்பதும் அந்தக் காட்டு வழக்கம்தான். பொம்மன் பாகற்காயைக் கடித்தது. முகம் கோணியது, கண்ணில் நீர் முட்டியது.

"அப்ப இந்தச் சீத்தாப்பழத்தை நானே சாப்பிட்டுக்கவா?" என்று வாலாயி கேட்டது.

பொம்மன் பழத்தை ஏக்கத்தோடு பார்த்தது. நிழலில் உருளும் குட்டிகளையும் பார்த்தது. மிச்சப் பாகற்காயையும் விழுங்கியது.

எதிரி நீட்டும் காயை வெட்டுவதற்கு முன், அவன் அதை ஏன் நீட்டுகிறான் என்று யோசிக்கப் பழகியவனே சதுரங்கத்தில் தேறுவான்.