கழுதைக்குச் சுற்றிய ராஜதுணி

நைல் நதிக்கரையில், பாலைவனம் தொடங்குகிற இடத்தில், ஈச்சமரங்கள் அடர்ந்த ஒரு காட்டில், இறந்தவர்களையும் தங்களோடு சேர்த்தே எண்ணுகிற விலங்குகள் வாழ்ந்துவந்தன.

அங்கே யாராவது இறந்துபோனால் அப்படியே விட்டுவிட மாட்டார்கள். வறண்ட ஏரியில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் உப்பை அள்ளிவந்து, உடலை நாற்பது நாள் அதற்குள் மூடிவைப்பார்கள். உடலில் உள்ள ஈரத்தையெல்லாம் உப்பு குடித்துவிடும். பிறகு மரப்பிசின் பூசி, நார்த்துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, கால் நுனியிலிருந்து காது நுனிவரை சுற்றுவார்கள். அதற்கு முப்பது நாள். எழுபதாம் நாள் மலைக்குகையில் கொண்டுபோய் வைப்பார்கள். அப்படிச் சுற்றிவைத்த உடலைத்தான் மம்மி என்கிறோம், குழந்தைகளே.

எதற்கு இவ்வளவு பாடு? இறந்தவரின் உயிர் ஒரு சிறு பறவையாகிப் பகலெல்லாம் பறந்து திரியும், மாலையில் தன் உடலைத் தேடி வரும் என்று அவர்கள் நம்பினார்கள். உடல் கெட்டு முகம் மாறிப்போயிருந்தால் பறவைக்கு அடையாளம் தெரியாது. அது அடைய இடமில்லாமல் என்றென்றும் காற்றில் அலையும்.

துணி சுற்றுவதற்கும் ஒரு முறை இருந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு நன்றி. இறந்தவர் தனக்குச் செய்த நன்மையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒருவர் ஒரு பட்டையைச் சுற்ற வேண்டும். சொல்ல ஆள் இல்லையென்றால் சுற்றும் இல்லை.

இந்த வேலையைச் செய்துவந்தவள் செம்பி என்ற நரி. கெட்டிக்காரிதான். ஆனால் எதற்கெடுத்தாலும் கவலைப்படுவாள். உப்பு போதவில்லையோ, பிசின் கூடிவிட்டதோ, கட்டு இறுகிவிட்டதோ, தளர்ந்துவிட்டதோ என்று மனம் அடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு கோடையில் புழுதியன் என்ற கழுதை இறந்துபோனான்.

கோடையில் நதி சுருங்கி வெகுதூரம் போய்விடும். புழுதியன் தினமும் இரண்டு பெரிய சுரைக்குடுக்கைகளைச் சுமந்து, கொதிக்கிற மணலில் அரைநாள் நடந்து, காட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவான். யாரும் அவனைக் கேட்டுக்கொண்டதில்லை. அவனும் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை.

செம்பிக்கு அதற்கு மேலும் ஒரு கடன்பாடு இருந்தது. ஒரு வெள்ளத்தில் அவளுடைய மூன்று குட்டிகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு, கழுத்தளவு நீரில் நடந்து கரை சேர்த்தவன் அவன். அன்று குட்டிகளைத் துவட்டுகிற அவசரத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்புறம் எத்தனையோ நாளை போய்விட்டது.

புழுதியனை உப்பில் வைத்துவிட்டு, அவள் கடுவன் என்ற நெசவுக்காரக் குரங்கிடம் ஓடினாள்.

"தம்பி, துணி வேண்டும்."

"ஒரு முழம்கூட இல்லை அக்கா. மூன்று வருடமாக நெய்ததெல்லாம் நம் சிங்கராஜாவின் குகையில் இருக்கிறது. அவர் இறந்தால் அவருக்குச் சுற்ற வேண்டுமாம். ஆயிரம் முழம்."

"அவர் நன்றாகத்தானே இருக்கிறார்?"

"நேற்று ஒரு காட்டெருமையை முழுசாகத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டார். அவ்வளவு நன்றாக இருக்கிறார்."

நாற்பது நாளும் செம்பிக்குச் சோறு இறங்கவில்லை. துணி இல்லாவிட்டால் புழுதியனின் முகத்தை மணல்காற்று அரித்துவிடும். பறவை வந்து தேடும். தேடிவிட்டுப் போய்விடும்.

நாற்பதாம் நாள் அவள் சிங்கராஜாவின் குகைக்குப் போனாள். ராஜா துணிச் சுருள்களின் மேல் படுத்திருந்தார்.

"அரசே, நம் கழுதைக்கு நூறு முழம் துணி தந்தால் போதும்."

"கழுதைக்கு ராஜதுணியா? உன் கூட்டம் ஒரு காலத்தில் புதைத்ததைத் தோண்டித் தின்ற கூட்டம். நீ வந்து என்னிடம் மரியாதை பேசுகிறாயா?"

அது உண்மைதான். அந்த வெட்கத்தில்தானே அவளுடைய குலம் இறந்தவர்களைக் காக்கும் வேலையை ஏற்றுக்கொண்டது. செம்பி திரும்பினாள். ஆனால் பழக்கம் விடுமா? போகிற போக்கில் துணியின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"என்ன பார்க்கிறாய்?" என்று ராஜா கேட்டார்.

"ஒன்றுமில்லை அரசே. ஒரு கவலை."

"என்ன கவலை?"

ராஜாவின் காது விறைத்து நிற்பதைச் செம்பி கவனித்தாள். அப்போதுதான் அவளுக்கு யோசனை வந்தது.

"புதுத் துணி. பிசினோடு ஒட்டுமா, உப்பு பட்டால் இற்றுப்போகுமா, ஒன்றும் தெரியவில்லை. தெரியாத துணியைத் தங்களுக்குச் சுற்றி, மூன்றாம் மாதம் மூக்கு விழுந்துவிட்டால் என் பெயர்தான் கெடும்."

"மூக்கா?" ராஜா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சில சமயம் காதும் விழும்."

"முன்னாலேயே சோதித்துப் பார்க்க முடியாதா?"

"பார்க்கலாம். ஆனால் தங்களைப் போலப் பெரிய உடம்பு வேண்டுமே. முயலுக்குச் சுற்றிப் பார்த்தால் என்ன தெரியும்? அதுவும் நாற்பது நாள் உப்பில் கிடந்த உடம்பாக இருக்க வேண்டும். அதற்கு நான் எங்கே போவேன்?"

ராஜா நெடுநேரம் யோசித்தார். பிறகு மீசை துடிக்கச் சிரித்தார். "அடி மக்கு, அந்தக் கழுதை இருக்கிறதே."

"கழுதைக்கா அரசே? ராஜதுணியையா?"

"நான் சொல்கிறேன், சுற்று."

"உத்தரவு. எத்தனை முழம் சுற்றட்டும்?"

"இது என்ன கேள்வி? பாதியைச் சோதித்துவிட்டு, மீதியில் என் மூக்கு விழுவதா? அத்தனையையும் சுற்று."

மறுநாளே வேலை தொடங்கியது. காட்டிலிருந்த ஒவ்வொருவரும் வந்தார்கள். இந்த நாற்பது நாளில் அவரவர் தண்ணீருக்கு அவரவரே மணலில் நடந்திருந்தார்கள். யாரும் நன்றியை யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வழியில் எத்தனை இடத்தில் நிழல் இல்லை என்று இப்போதுதான் எண்ணினேன். நன்றி அண்ணே" என்றது முயல்.

"நான் முதுகில் ஏறி உட்கார்ந்தேன். முள் குத்தியும் இறக்கிவிடவில்லை. நன்றி" என்றது முள்ளெலி.

"எனக்கு மட்டும் குடுக்கையைச் சாய்த்துப் பிடிப்பார். என் அலகு வளைந்தது அல்லவா? நன்றி" என்றது அரிவாள்மூக்கன்.

ஆயிரம் முழமும் தீர்ந்தது. கடைசிப் பட்டை காது நுனிக்கு வந்தது. அதைச் செம்பி சுற்றினாள்.

"என் பிள்ளைகள் மூன்று பேரும் இருக்கிறார்கள், அண்ணே. உங்களால் இருக்கிறார்கள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்" என்றாள்.

எழுபதாம் நாள் சிங்கராஜா பார்வையிட வந்தார்.

"மூக்கு இருக்கிறதா?"

"இருக்கிறது அரசே."

"காது?"

"இரண்டும் இருக்கின்றன."

"அப்படியானால் நல்ல துணிதான். அவிழ்த்து அலசி, என் குகைக்கு அனுப்பு."

செம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது நாளாக எதையெதையோ நினைத்துக் கவலைப்பட்டவள், இதை மட்டும் நினைத்துப் பார்க்கவே இல்லை. ராஜாவின் கை கட்டின் முனையைப் பிடித்துவிட்டது.

"அவிழ்த்துவிடலாம் அரசே" என்றாள் மெதுவாக. "ஆனால் இந்தத் துணியில் நன்றி ஏறியிருக்கிறது. அலசினாலும் போகாது. இறந்தவர்கள் போய்ச்சேரும் மேற்குலகின் வாசலில் காவலர்கள் இருப்பது தங்களுக்குத் தெரியும். அவர்கள் துணியில் காதை வைத்துக் கேட்டுத்தான், வந்தது யார் என்று தெரிந்துகொள்வார்கள். 'வெயிலில் தண்ணீர் சுமந்தீர்களே, நன்றி. முள் குத்தியும் பொறுத்தீர்களே, நன்றி' என்று துணி சொல்லும். அவர்கள் தங்களை வணங்கி, தோளில் இரண்டு குடுக்கைகளை மாட்டி, ஆற்றுக்கு வழி காட்டுவார்கள்."

"எத்தனை நாளைக்கு?"

"அங்கே நாள் என்பதே கிடையாது அரசே."

ராஜா கையை எடுத்துவிட்டார். "இது கழுதையிடமே இருக்கட்டும். எனக்கு வேறு நெய்யுங்கள்."

"நெய்துவிடலாம் அரசே. சுற்றுவதற்கு ஆள்தான்..." என்று ஆரம்பித்த கடுவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ராஜா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஒருவர் ஆகாயத்தைப் பார்த்தார், ஒருவர் காலடியைப் பார்த்தார். ராஜா திரும்பித் தன் குகைக்கு நடந்தார். அதற்குப் பிறகு அந்தக் காட்டில் இறந்தவர்மேல் சுற்றிய துணியை யாரும் தொட்டதில்லை.

புழுதியனைக் குகையில் வைத்துவிட்டு எல்லாரும் போனார்கள். செம்பி மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

வெயில் தாழ்ந்தபோது ஒரு சிறு பறவை வந்து பாறையில் உட்கார்ந்தது. சாம்பல் நிறம். தலையில் இரண்டு நீளக் காதுகள். அது குகைக்குள் எட்டிப் பார்த்தது. தலையை ஒருபக்கம் சாய்த்து, மறுபக்கம் சாய்த்து, துணி சுற்றிய அந்த முகத்தையே பார்த்தது. செம்பி மூச்சுவிடவில்லை.

பறவை காதை ஒருமுறை ஆட்டியது. பிறகு தன் வீட்டுக்குள் போவதைப் போல உள்ளே போனது.

"தூங்குங்கள் அண்ணே" என்றாள் செம்பி. "நாளைக்கும் தண்ணீருக்கு நாங்களே போய்க்கொள்கிறோம்."

நீதி: நன்மை செய்தவர் கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாலும், அவருக்குரிய நன்றியை அவரிடமே சேர்ப்பவர்தான் நல்லவர்.