திருவோட்டு மரம் வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில், ஆடும் நண்டும் மரமும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, கரீபியக் கடல் நடுவில் ஒரு தீவு இருந்தது. அதன் மலைக்காட்டில் ஒரு சின்ன ஊர். கீழே கரும்புத் தோட்டத்தில் அடிமைகளாக இருந்து தப்பி ஓடிவந்தவர்கள் கட்டிய ஊர் அது.

ஊர் நடுவில் ஒரு திருவோட்டு மரம். அதன் காயைக் குடைந்து சதையைக் கரும்புப் பாகில் காய்ச்சிக் குடித்தால் நெஞ்சு நோய் முதல் எந்த வலியும் நிற்கும். ஓட்டில் கஞ்சி குடிக்கலாம். ஆனால் அன்றைக்குக் காய்களெல்லாம் எட்டாத உயரத்தில், கிளை நுனியில் தொங்கின. ஏறினால் கிளை முறியும், கல் எறிந்தால் காய் அசையாது. யார் வந்தாலும் மரம் ஒன்றே ஒன்றுதான் கேட்கும்: "எங்கே வலிக்குது?" அவரவர் வலியை அவரவர் வாயால் சொன்னால் கிளை தானாகத் தாழும். அது அந்த மரத்தின் பிறவிக் குணம். மரமே நினைத்தாலும் அதை மாற்ற முடியாது.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் தோட்டத்தில், வலிக்கிறது என்று வாய் திறந்தவருக்குச் சவுக்கடி விழுந்தது. அதனால் மலைக்கு வந்த ஒவ்வொருவரும் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே "ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல" என்பார்.

அவர்களின் வாயைத் திறந்தவள் யூலாலி, ஊரின் மருந்துக்காரி. கையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நிற்பாள். "இங்க யாரும் அடிக்க மாட்டாங்க. மெதுவா சொல்லு," என்பாள். பாதி நாள் ஆனாலும் நிற்பாள். கடைசியில் அழுதுகொண்டு சொல்வார்கள், கிளை தாழும், அவள் காய்ச்சிக் கொடுப்பாள். காட்டு நண்டுகூட வந்தது. எந்தக் காலில் வலி என்று அதற்கே தெரியவில்லை, ஒவ்வொரு காலாக நீட்டி நீட்டி உயிரை வாங்கியது. அதற்கும் பொறுமையாக நின்றாள்.

ஒரு மழைக்காலத்தில் ஊரே இருமியது. எல்லோரையும் எழுப்பி உட்கார வைத்த பிறகு யூலாலிக்கு நெஞ்சில் குத்தல் வந்தது.

"உனக்கு எங்கே வலிக்குது?" என்றது மரம்.

"எனக்கென்ன, ஒன்னுமில்ல," என்றாள். சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று அவளுக்குப் புரிந்தது. தோட்டத்தில் அவளும் கற்றுக்கொண்ட குரல். ஊரின் வாயெல்லாம் திறந்துவிட்டவள், தன் வாயை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

பக்கத்துக் குடிசைக் கஸ்பார் இருமலைக் கேட்டு எட்டிப் பார்த்தான். "என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். உன் முதுகு எப்படி?"

முதுகைப் பற்றி அவன் நெடுநேரம் சொன்னான். அவள் முகம் வெளுத்திருந்தது அவன் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் அவள் படுத்துவிட்டால் ஊருக்கு யார் காய்ச்சுவது? நல்லாத்தான் இருக்கிறாள் என்று நம்புவது அவனுக்கு வசதியாக இருந்தது. ஊருக்கும் அப்படித்தான். அந்த ஊர்க்காரர்களைச் சும்மா நல்லவர்கள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் ஒரு விதவையின் குடிசைக்குக் கூரை போட ஊரே திரண்டு போனது. நடக்கவும் தெம்பில்லாத யூலாலி யாரும் பார்க்காமல் மரத்தடிக்குத் தவழ்ந்து வந்தாள். பிழைக்க ஆசையாக இருந்தது. சொல்லிவிடுவது என்றே வந்தாள்.

"எங்கே வலிக்குது?"

வாயைத் திறந்தாள். "கஸ்பாருக்கு முதுகு..." என்றாள்.

"அவனைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன்."

"அந்த விதவைப் பொண்ணு நனைஞ்சிட்டா, அவளுக்கு..."

"யூலாலி, ஒரே வார்த்தை. வலிக்குதுன்னு மட்டும் சொல்லு. கிளை தவிக்குது, என்னால தாழ முடியல."

அவள் உதடு கூடியது, பிரிந்தது. கண்ணீர்தான் வந்தது, சொல் வரவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் கையைப் பிடித்துக்கொள்ள அவள் இருந்தாள். அவளுக்குப் பிடித்துக்கொள்ள மரத்தின் அடிதான் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டாள். "ஒன்னுமில்ல," என்றாள். தலைக்கு மேலே முற்றிய காய் தொங்கிக்கொண்டிருக்க, அங்கேயே அவள் மூச்சு நின்றது.

கூரை வேலை முடித்துச் சிரித்துக்கொண்டு வந்தவர்கள் பார்த்தார்கள். கஸ்பார் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னாளே," என்றான்.

"சொன்னா. நீயும் சரின்னு எடுத்துக்கிட்ட," என்றது மரம். "இனிமே நான் யாரையும் கேக்கப் போறதில்ல. கேட்டு என்ன ஆச்சு?"

அதற்குப் பிறகு அது வாய் திறக்கவில்லை. அவள் கட்டிப்பிடித்திருந்த இடத்தில், அடிமரத்தின் தோலைப் பிளந்துகொண்டு, தவழ்ந்து வருபவளுக்கும் எட்டும் தாழ்வில் பூ வந்தது, பிறகு காய் வந்தது. பறிக்க அவள்தான் இல்லை.

அன்று முதல்தான் திருவோட்டு மரம் அடிமரத்திலேயே காய்க்கிறது. யாரும் எதுவும் சொல்லாமலே பறித்துக்கொள்ளலாம், எங்கே வலிக்கிறது என்று அது கேட்பதில்லை.