மன்னிச்சீங்கதானே?

“இன்னும் எத்தனை தரம் சாமி மன்னிப்புக் கேட்கிறது? எனக்கு அலுத்துப்போச்சு.”

மடத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகத் தெய்வசிகாமணி இப்படித்தான் ஆரம்பித்தார். பாவம், மனுஷன் முகமே தொங்கிப்போயிருந்தது.

மகள் நிறைமதி தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டபோது, மண்டபத்து வாசலில் நின்று நாலு பேர் காதுபட அவளைத் திட்டியிருந்தார். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

“பொண்ணு என்ன சொல்லுது?” என்று கேட்டார் சாமி.

“மன்னிப்புக் கேட்ட அன்னைக்கே ‘விடுங்கப்பா, மறந்துட்டேன்’னுட்டா. எனக்குத்தான் மனசு கேட்கல. தினமும் போன் போட்டு அழுறேன். இப்ப எடுக்கிறதே இல்ல. ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. அப்பா வரவேணாம்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லியனுப்பிட்டா.”



“முதல்ல சாப்பிடுங்க ஐயா.”

சாமி இவரைவிட வயதில் சின்னவர். அந்த மடத்தில் பந்திக்குப் பரிமாறுவது சாமியேதான்.

ரசம் ஊற்றும்போது ஒரு கரண்டி தெய்வசிகாமணியின் வேட்டியில் கொட்டியது.

“ஐயையோ, மன்னிச்சுக்குங்க ஐயா!”

“அட, பரவால்ல சாமி. துவைச்சாப் போச்சு.”

மோர் கொண்டுவந்தவர் மறுபடி குனிந்தார். “நல்ல வேட்டியாச்சே. மன்னிச்சீங்கதானே?”

“அதான் மன்னிச்சாச்சே.”

ஒரு கவளம் நிம்மதியாக உள்ளே போகவில்லை.

“மனசுல ஏதும் வச்சுக்கலையே?”

“இல்ல சாமி.”

“முகம் ஒரு மாதிரி இருக்கே. கோபம்தானே?”

“இல்லைங்கிறேன்!”

பந்தியே திரும்பிப் பார்த்தது. சாமி விடுகிற வழியாக இல்லை. கை கழுவப் போனால் தொட்டி வரைக்கும் கூடவே வந்தார். கண்ணில் தண்ணீர் வேறு.

“நான் பாவி ஐயா. மன்னிச்சேன்னு இன்னொரு தரம் வாயால சொல்லுங்க. அப்பதான் எனக்கு மனசு ஆறும்.”

தெய்வசிகாமணிக்குச் சுர்ரென்று ஏறியது.

“என்னைச் சும்மா விடுங்க சாமி! ரசம் கொட்டினப்பக்கூட எனக்குக் கோபம் வரல. இப்ப உங்க மூஞ்சியப் பார்க்கவே பிடிக்கல!”

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப்போனார்.

சாமி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் களைப்புத்தான்.

“உங்க பொண்ணு பொறுமைசாலி ஐயா. எத்தனை மாசம் தாங்கியிருக்கு! நீங்க ஒரு பந்தி நேரம் தாங்கல.”

தெய்வசிகாமணி அப்படியே தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

“இத்தனை நாளா தொந்தரவு பண்ணினேனே சாமி. அதுக்கு ஒரே ஒரு மன்னிப்பு மட்டும் அவகிட்டக் கேட்டுட்டு...”

பாதியிலேயே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.