கேட்காமல் விட்ட கை

"அம்மா, நான் ஊருக்கே போயிடறேன்" என்றார் பூவராகன்.

நாச்சியம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

அந்த ஆற்றங்கரை ஆசிரமத்துக்கு அவர்தான் குரு. பூவராகன் அவரைவிட வயதில் மூத்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, வலியை ஜெயிக்க வேண்டும் என்று வந்து சேர்ந்த சீடர்.

"என்ன ஆச்சு அண்ணே?"

"கஞ்சிப் பானையை இறக்கினேன். சுட்டுது. கை தானா விட்டுடுச்சு. அத்தனை பேர் கஞ்சியும் தரையில. இவ்வளவு தியானம் பண்ணி என்ன பிரயோஜனம்? என்னை ஒரு வார்த்தை கேக்கலையே இந்தக் கை!"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"பொறுத்துக்கோன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

பூவராகனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நேத்து அடுப்பங்கரையில நீங்க நெருப்புத் துண்டு மேல கால் வச்சீங்க. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். முகத்துல ஒரு சுளிப்பு இல்ல. பேசிக்கிட்டே நடந்து போனீங்க. அந்த நிலை எனக்கு எப்போ வரும்?"

கீரை ஆய்ந்த விரல்கள் நின்றன.

"நெருப்பு மேலயா?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே!"

நாச்சியம்மை காலை நீட்டினார். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார்.

நடுவில் தோல் வெந்து உரிந்திருந்தது. புண்ணில் மண் அப்பியிருந்தது.

பூவராகன் பதறிப்போய் உட்கார்ந்தார்.

"வலிக்கலையா அம்மா?"

"சர்க்கரை வியாதி அண்ணே. பாதம் மரத்துப்போய் ரொம்ப நாளாச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"தினமும் பாதத்தைத் தொட்டுக் கும்பிடறீங்க. தொட்டதும் கண்ணை மூடிக்கறீங்க. அப்ப என்னத்தைச் சொல்ல?"

பூவராகன் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவைக் கூப்பிட்டார். தண்ணீர் கொண்டுவந்து, அந்தக் காலைத் தன் மடியில் ஏந்தி, மண்ணைக் கழுவினார். கழுவக் கழுவ அழுகை வந்தது.

"அழாதீங்க. உங்க கை இன்னும் எரியுதா?"

"எரியுதும்மா."

நாச்சியம்மை அந்தச் சிவந்த விரல்களைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

"எப்படி எரியுது? நிதானமாச் சொல்லுங்க அண்ணே. கேக்கணும் போல இருக்கு."