மருதமரத்து முடிச்சு

செங்கோடன் கயிற்றை வெட்டியபோது தோணி நடு ஆற்றில் இருந்தது.

குடித்திருக்கிறாய், ஏற்ற மாட்டேன் என்று ஓடக்காரர் சொல்லிவிட்டுப் போன ஆத்திரம் அவனுக்கு. தோணியைப் பிடித்து இழுக்கக் கரைக்குக் கரை கட்டியிருந்த கயிறு மருதமரத்தடியில் ஒரே வெட்டில் போனது. பிடிப்பில்லாத தோணி பாறையில் மோதியது. அதில் இருந்த குழந்தைவேலுக்கு இடதுகால் முறிந்தது.

குழந்தைவேல் ஒரு காலத்தில் மாட்டுத் தரகர். ஐம்பது வயதுக்கு மேல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தன்னைவிட இளைய குரு ஒருத்தியிடம் சீடராகச் சேர்ந்தவர். அந்தக் குருவை ஊரே அம்மை என்று அழைக்கும்.

"அடிபட்டவர் உங்க சீடர். இவனை ஜெயிலுக்கு அனுப்பறதா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றது ஊர்க்கூட்டம்.

அம்மை சீடரைப் பார்த்தாள்.

"ஏழு வருஷம் ஜெயில்" என்றார் அவர்.

"ஆறு மாசம் இவன் கயிறு கட்டித் தோணி இழுக்கட்டும்" என்றாள் அம்மை.

"அஞ்சு வருஷம் ஜெயில்."

"ஆறு மாசம் தோணி."

"மூணு! இதுக்குக் கீழே இறங்க மாட்டேன்."

"ஆறு மாசம் தோணி."

"என்னம்மா பேரம் இது! உங்களால சந்தையில ஒரு கன்னுக்குட்டி வாங்க முடியாது. அறுத்தவன் கையிலயே கயித்தைக் கொடுப்பாங்களா?"

"அது அறுந்தா என்ன ஆகும்னு இவனைவிட யாருக்குத் தெரியும்?"

சாயங்காலம் கயிற்றை அவிழ்த்து, காலையில் புதிதாகக் கட்டுவது அந்தத் துறையின் வழக்கம். அம்மை சொன்னபடியே செங்கோடன் கட்டினான். யாரும் ஏறவில்லை. ஐந்து நாள் வெறும் தோணியை அக்கரைக்கும் இக்கரைக்கும் இழுத்தான்.

ஆறாம் நாள் குழந்தைவேல் கட்டு மாற்ற வேண்டும். எலும்பு வைத்தியர் இருப்பது அக்கரையில். போகாவிட்டால் கால் கோணலாகக் கூடிவிடும்.

அம்மை தோணியில் ஏறி உட்கார்ந்தாள். "வாங்க தரகரே."

அவர் ஏறவில்லை. ஊன்றுகோலோடு மருதமரத்தடிக்குப் போனார். மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோல் முடிச்சைப் பார்த்தார். இழுத்தார். கோலால் நெம்பினார். அசையவில்லை.

"இருங்கய்யா" என்று செங்கோடன் ஓடி வந்தான். முடிச்சை அவிழ்த்தான்.

"ஏண்டா, நல்லாத்தானே இருந்தது?"

"பனியில நனைஞ்சிருக்கு. நழுவினாலும் நழுவும்."

இரண்டாவது முறை கட்டினான். அவன் உள்ளங்கை தோலுரிந்து சிவந்திருந்தது.

"வெட்டினப்ப ஒரு நொடிதான் ஆச்சு" என்றான் தலையைத் தூக்காமல். "இந்தக் கட்டுக்கு இவ்வளவு நேரமாகுது."

குழந்தைவேல் அவனையே பார்த்தபடி நின்றார். பிறகு, "தோளைக் குடு. சும்மா நிக்கிறான் பாரு" என்று அதட்டினார். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

தோணி நகர்ந்தது. விட்டு வந்த கரையில் கத்தரிக்காய்க் கூடையோடு ஒருத்தி துறைக்கு இறங்கி வந்து நின்றாள். அடுத்த நடைக்கு. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

நடு ஆற்றில் சீடர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இவனை நம்பலாம்னு உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சது?"

"இன்னும் தெரியலையே" என்றாள் அம்மை. "எனக்கு நீச்சல் வரும், ஏறிட்டேன். உங்களுக்கு வராதே தரகரே, நீங்க எப்படி ஏறினீங்க?"