திவான் அவுட்

கொத்தவரங்காய்க்கு நார் எடுத்துக்கொண்டே சொல்கிறேன். குழந்தை எழுந்திருப்பதற்குள் குழம்பு கொதித்தாக வேண்டும்.

எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானம் இருக்கிறது. பகலில் கிரிக்கெட், சாயங்காலம் ஃபுட்பால். சாயங்காலக் கோயில் மணி அடித்தால் போதும், மட்டை பிடித்திருப்பவன் யாரானாலும் எல்லாரும் சேர்ந்து, "திவான் அவுட்!" என்று கத்துவார்கள். அவனும் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்க வெட்கம். கேட்காமலே ஒருநாள் இந்தக் கதை காதில் விழுந்தது.

அந்தக் காலத்தில் இங்கே வீடு, கடை எதுவும் கிடையாது. கோட்டைக்கு வெளியே வெறும் பொட்டல். ராஜா பூபாலருக்குக் கிரிக்கெட் பைத்தியம். அதே பொட்டலில்தான் குதிரை லாயத்து ஆட்கள் ஃபுட்பால் ஆடுவார்கள். திவான் சங்கரலிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. லாயத்து ஆட்களை விரட்டிவிட்டால் அந்த இடத்தில் தென்னந்தோப்பு போட்டுக்கொள்ளலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு.

ஒருநாள் துறைமுகத்து டீம் லாயத்து ஆட்களோடு ஃபுட்பாலில் மோத வந்திருந்தது. அன்றைக்கும் ராஜா மட்டையோடு நின்றார். திவான் மெதுவாகச் சொன்னார், "மகாராஜா, பொழுது சாய்வதற்குள் இவர்கள் ஆடாவிட்டால் கோல் கம்பத்தைப் பிடுங்கி விறகுக்குப் போட்டுவிடலாமா?"

"செய்யும். ஆனால் நான் அவுட்டானதும் இடம் அவர்களுக்குத்தான்," என்றார் ராஜா.

அவர் எங்கே அவுட்டாவது? ஸ்டம்பு பறந்தாலும், "காற்று அடித்தது" என்பார் திவான். கேட்ச் பிடித்தாலும், "கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை" என்பார். ராஜாவை அவுட் என்று சொல்வது ராஜதுரோகம் என்று சட்டமே போட்டு வைத்திருந்தார்.

லாயத்து மாயாண்டி ஓடிப்போய் அரண்மனை விகடகவி சோணாசலத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். "சாமி, கம்பம் போச்சுன்னா எங்க ஆட்டமும் போச்சு. நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

"அழாதேடா. கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நில்லு," என்று சொல்லிவிட்டு சோணாசலம் ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, திவான் சொல்வது நியாயம். தங்களை அவுட் என்று சொல்வது துரோகம் என்றால், தங்கள் ஸ்டம்பைப் பார்த்துப் பந்து போடுகிறவன் மட்டும் யோக்கியனா?"

ராஜா மீசையைத் தடவினார். "அட, ஆமாம்! ஸ்டம்பில் போட்டவனை வெளியே அனுப்பு!"

"கேட்ச் பிடிக்கிறவனையும் விடலாமா?"

"அவனையும் அனுப்பு!"

ஒருவன் ஸ்டம்பில் போட்டான், போனான். ஒருவன் கேட்ச் பிடித்தான், போனான். காலையிலிருந்து வெயிலில் காய்ந்தவர்களாயிற்றே? துரோகம் செய்யப் போட்டி போட்டார்கள்! கொஞ்ச நேரத்தில் எல்லாரும் புளியமரத்து நிழலில் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்போது யார் பந்து போடுவது?" என்றார் ராஜா.

"துரோகமே தெரியாதவர் ஒருவர்தான் மிச்சம்," என்று சோணாசலம் திவானின் கையில் பந்தை வைத்தார்.

திவான் ஸ்டம்புக்குத் தள்ளியே போட்டார். ராஜா ஓங்கி அடித்தார். பந்து கருவேலம் புதரில் போய் விழுந்தது. எடுத்துவர ஆளில்லை. திவானே ஓடினார். வந்து போட்டார். மறுபடி புதர். தலைப்பாகை முள்ளில் தொங்கியது. செருப்பு ஒன்று எங்கேயோ போனது.

"சோணாசலம், நீராவது போய் எடுமய்யா!"

"ஐயோ, என் கை தெரியாத்தனமாகக் கேட்ச் பிடித்துவிட்டால்?"

"போடுமய்யா, இன்னொன்று!" ராஜாவுக்கு ஒரே குஷி.

திவானுக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. கை தளர்ந்து போட்ட பந்து தரையோடு உருண்டு போய் நடு ஸ்டம்பைச் சாய்த்தது. அவ்வளவுதான்! இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திவான் அலறினார்:

"அவுட்! மகாராஜா, அவுட்! சத்தியமாக அவுட்!"

மோர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"யார் அது சொன்னது?" என்றார் ராஜா.

"நான் வாயே திறக்கவில்லை, மகாராஜா," என்றார் சோணாசலம். "சட்டம் போட்டவரே சொல்கிறார்."

ராஜா திவானிடம் குனிந்தார். "உண்மையைச் சொல்லும். இன்றைக்கு நான் எப்போது அவுட்?"

மண்ணில் உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்த திவான் முனகினார், "காலையில், மகாராஜா... முதல் பந்திலேயே!"

ராஜா மட்டையைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாயாண்டி, இறங்குடா! இனிமேல் கோயில் மணி அடித்தால் இடம் உங்களுடையது. ராஜாவே நின்றாலும் அவுட்டுதான்!"

திவான் வாயாலேயே வந்த அவுட் என்பதால் அதற்குப் பெயரே 'திவான் அவுட்' என்றாகிவிட்டது. சோணாசலத்துக்குப் பட்டுத் தலைப்பாகை கிடைத்தது. திவானுக்கு ஒரு ஜோடி புதுச் செருப்பு. அந்தச் செருப்பை அவர் என்ன செய்தார் என்றால்...

"அக்கா! பந்து உங்க வீட்டுக்குள்ள விழுந்துடுச்சு, எடுத்துப் போடுங்கக்கா!"

இதோ, முறத்திலேயே வந்து விழுந்து, ஆய்ந்த கொத்தவரங்காய் அத்தனையும் சிதறிவிட்டது!